பாலைவன ஏரியில் பிலோமினாவின் குசினி

வீடு வாங்கும்போதும் வரன் பார்க்கும்போதும் நம் ஊரில் நம்பிக்கையான ஓர் ஆளை உடன் அழைத்துப் போவோம். அந்த ஆள் அதிகம் பேச வேண்டியதில்லை. கிணற்றை எட்டிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிலோமினா என்னைச் சிட்னிக்கு அழைத்தது அப்படிப்பட்ட ஒரு வார்த்தைக்காகத்தான்.

"எடி சாரதா, ஒரு இடம் பாக்கவேணும். நீ வந்து பாத்துச் சொன்னாத்தான் எனக்கு மனம் ஆறும்" என்றாள் தொலைபேசியில்.

"என்ன இடம்?"

"பாலைவனம்."

"பாலைவனத்துல போய்ப் பார்க்கறதுக்கு என்னடி இருக்கு?"

"ஏரி இருக்கு" என்றாள், அது மிகச் சாதாரணமான விஷயம் என்பதுபோல.

நாங்கள் இருவரும் திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவள் மன்னார்க் கரையில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு எங்கள் கல்லூரியில் சேர்ந்தாள். நான் திருச்சியிலேயே வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அவள் அன்ரனை மணந்து சிட்னிக்குப் போய், முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். அன்ரன் காலமான பிறகு வென்ட்வேர்த்வில் அடுக்ககத்தில் அவளும் மகன் ஜூடும் மட்டும்தான்.

இப்போது ஜூடுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வீடும் பார்த்துவிட்டான். கீழ்த்தளத்தில் தோட்டத்தைப் பார்த்த அறை அம்மாவுக்கு. "கட்டிலும் வாங்கிப் போட்டாச்சு அன்ரி" என்று நான் வந்திறங்கிய அன்றே சொன்னான். பிலோமினா தேநீரைக் கலக்கிக்கொண்டே மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் மனம் வேறிடத்தில் இருந்தது. குவின்ஸ்லாந்தின் உள்நாட்டில், செம்மண் பாலையின் நடுவே ஒரு நீர்த்தேக்கம். அதைச் சுற்றி ஒரு பூங்கா. மக்கள் கூடாரம் போடுவார்கள், மீன் பிடிப்பார்கள், டைனோசர் நடந்த தடங்களைப் பார்ப்பார்கள். கரையில் ஒரு சிறிய உணவுக்கடை. அதை நடத்திவரும் கெயில் என்ற பெண்மணிக்கு வயதாகிவிட்டது. பொறுப்பை ஏற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். பழைய வேலைத் தோழி ஒருத்தி மூலம் செய்தி பிலோமினாவின் காதுக்கு வந்தது. அவள் தொலைபேசியில் பேச, "வந்து பாருங்க, பிறகு பேசலாம்" என்றாராம் கெயில். மகனின் வீட்டு அறையா, அவள் குசினி என்று சொல்லும் சமையற்கட்டு ஒன்று தன் பெயரிலா என்பதை இந்தப் பயணம் முடிவதற்குள் அவள் தீர்மானிக்க வேண்டும்.

அந்த ஏரியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். சனம் கூடிவிடுமாம்.

*

புறப்படுவதற்கு முதல் நாள் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளில் சாமான் வாங்கினோம். கறிவேப்பிலை, மாசிக் கருவாடு, மிளகாய்த்தூள், எனக்கென்று ஊறுகாய். "பாலைவனத்தில கடை இருக்காது, விளங்குதோ?" என்று எடுத்ததையெல்லாம் இரண்டாக எடுத்தாள். பிரம்பில் பின்னிய இடியப்பத் தட்டு இரண்டு அடுக்கும் வந்தது. வாளி நிறைய இட்லிமாவும் அரைத்து வைத்தாள்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது தாய்க்கும் மகனுக்கும் முதல் வாக்குவாதம். இருந்தது ஒரே ஒரு ஐஸ் பெட்டி. அதில் ஜூட் மீன்பிடிக்க வாங்கிய மண்புழு டப்பாக்களை அடுக்கிவிட்டான். மாவு வாளிக்கு இடமில்லை.

"புழு சூட்டில செத்துப் போடும் அம்மா. மா சாகாதுதானே?"

"சாகாது. பொங்கும்" என்றாள் பிலோமினா. அவன் சிரித்துவிட்டு, வாளியைப் பின்பக்கம் கூடாரப் பைக்கு மேல் வைத்து மூடியை அழுத்தினான்.

செப்டம்பர் அங்கே வசந்தம். மலைத்தொடரைக் கடந்து மேற்கே போகப் போக வசந்தம் மெல்லமெல்லக் கோடையாகியது. மறுநாள் மண்ணின் நிறம் மாறியது. பழுப்பு காவியாகி, காவி செங்கல்லாகியது. சாலை நேராகக் கிடந்தது. எதிரே ஒரு லாரி வருகிறதென்றால் முதலில் வானத்தில் தூசி தெரியும், வெகுநேரம் கழித்து லாரி வரும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு அது எங்களைக் கடந்தபோது, எங்கள் வண்டி கோயில் தேருக்குப் பக்கத்தில் நிற்கும் சைக்கிளைப்போல் ஆடியது.

பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் சைவம் என்ன இருக்கிறதென்று கேட்டேன். பரிமாறும் பெண் யோசித்துவிட்டு, பன்னுக்குள் பீட்ரூட் வில்லையும் அன்னாசி வில்லையும் வைத்துக் கொண்டுவந்தாள். கூடவே இறைச்சி இருக்க வேண்டிய இடத்தில் இருமடங்கு பீட்ரூட். "பாவம், நல்ல மனசு" என்றாள் பிலோமினா. நானும் அப்படியே நினைத்துத்தான் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் ஒரு லாரி ஓட்டுநர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் பெண்டாட்டி கடற்கரைக்கே போகலாங்கிறா. கடலைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வருது. இங்கே தூரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்." தூரத்தையும் ஒருவர் காட்சியாகப் பார்க்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

*

பூங்காவின் எல்லையில் கம்பி வேலியும் இரும்புக் கேட்டும் இருந்தன. மாடுகள் போய்விடாதபடி, கடந்தவுடன் கேட்டைச் சாத்த வேண்டும் என்று பலகை சொன்னது. ஜூட் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

"இஞ்ச ஒரு வழக்கம் இருக்கு அன்ரி. ஓட்டுறவர் இறங்கமாட்டார். கார் ஓடத் தெரியாத ஆள்தான் கேட் திறக்கோணும்."

பிலோமினா இறங்கினாள். கொக்கியோடு போராடிக் கேட்டைத் திறந்து, வண்டி கடந்ததும் சாத்தி, தூசிக்குள் நடந்து வந்து இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி, "நல்ல வழக்கம்" என்றாள்.

ஒரு மேட்டைத் தாண்டியதும் ஏரி தெரிந்தது. நீருக்குள் பட்டுப்போன மரங்கள் வெள்ளையாக நின்றன. ஒவ்வொரு கிளையிலும் பறவை. எங்கள் திருச்சி முக்கொம்பிலும் தண்ணீரும் பூங்காவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் புளியோதரை மணக்கும். ஆனால் அங்கே பச்சைக்கு நடுவில் தண்ணீர். இங்கே சிவப்புக்கு நடுவில் தண்ணீர். யாரோ தவறுதலாக வைத்துவிட்டுப் போன பொருள்போல அது மின்னியது. பிலோமினா கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தாள்.

"உப்பு இல்லை. ஆனாலும் தண்ணி மணக்குது."

கரையோரம் வீட்டுவண்டிகளும் கூடாரங்களும் இருந்தன. மடக்கு நாற்காலிகளில் நரைத்த தலைகள். "பாத்தியா சாரதா" என்று என் காதில் சொன்னாள். "கூடாரத்தில இருக்கிறதுக்கு இந்தச் சனம் லீவு எடுத்துக்கொண்டு வருது. நாங்கள் மண்டபத்தில சும்மாவே இருந்தனாங்கள்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் என்னால் சிரிக்க முடிந்தது.

கடைக்குப் பின்னால் அறை உண்டு, அதில் தங்கலாம் என்று கெயில் முன்பே சொல்லியிருந்தார். ஜூட்தான் கூடாரம் என்று பிடிவாதமாக இருந்தான். கெயில் கொடுக்கும் அறையில் தங்கிவிட்டால் பிறகு கடை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம் என்பது அவன் கணக்கு. வண்டியின் பின்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மாவு பொங்கியிருந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு, வாளியின் எல்லாப் பக்கமும் இறங்கி, கூடாரப் பைக்குள் புகுந்து, துணியின் ஒவ்வொரு மடிப்பிலும் குடியேறியிருந்தது. இரண்டு நாள் வெயிலில் புளித்த மாவின் வாசனை திறந்த வெளியிலும் தூக்கியடித்தது.

"அம்மா! இது என்ன?"

"புழுவை ஐஸில வச்சிட்டு என்ர மாவை வெயிலில வச்சவர் ஆர்? அவரைக் கேள்."

இருந்த தண்ணீரைக் கொண்டு துடைத்து, கூடாரத்தை நிறுத்தினோம். ஈரம் காய்ந்ததும் துணி முழுக்க வெள்ளைத் திட்டுகள். கொஞ்ச நேரத்தில் செந்நிற எறும்பு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. வெயில் தாழும்போது பாலைவனத்தின் எறும்புகளெல்லாம் வரிசைகட்டி வந்தன. ஜூட் உதறினான். நான் தட்டினேன். பிலோமினா மஞ்சள்தூளைச் சுற்றிலும் கோடாகப் போட்டாள். எறும்புகள் கோட்டின் மேலேயே ஏறி வந்தன.

"எங்கட வீட்டு எறும்பு எண்டால் நிண்டிருக்கும்" என்றாள் வருத்தத்துடன். "இதுகளுக்கு மஞ்சளைப் பற்றி ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை."

அப்போது ஒரு சிறிய திறந்த வண்டியில் கெயில் வந்தார். ஒல்லியான, வெயிலில் காய்ந்த பெண்மணி. தலையில் ஆண்களின் தொப்பி. கூடாரத்தைச் சுற்றி வந்து, ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு இடுப்பில் கைவைத்துச் சிரிக்கத் தொடங்கினார்.

"இங்கே வர்றவங்க எறும்புக்கு ரொட்டித்துண்டு போட்டுப் பார்த்திருக்கேன். கூடாரத்தையே மாவுல தோய்ச்சு வச்சவங்களை இப்பத்தான் பார்க்கறேன். பெட்டியை எடுங்க. அறை சும்மாத்தான் கிடக்குது."

ஜூட் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன்.

*

அறையின் ஜன்னல் தண்ணீரைப் பார்த்து இருந்தது. விடிந்ததும் நான் எழுந்து பார்த்தபோது பிலோமினாவின் கட்டில் காலியாக இருந்தது. முன்புறம் கூட்டும் சத்தம் கேட்டது. கடை வாசலைக் கூட்டி, தூசி அடங்க ஒரு கை தண்ணீர் தெளித்து, தேநீருக்கு நீரைக் கொதிக்க வைத்துவிட்டு, பரிமாறும் ஜன்னலின் பலகையைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"இது உன் கடை இல்லடி இன்னும்" என்றேன்.

"தெரியும். சும்மா இருக்கக் கை வரேல்லை."

திறந்த ஜன்னலைக் கண்டு, கந்தல் வைக்கோல் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் காபி கேட்டு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். காபி இயந்திரம் பழக்கமில்லாததால் பிலோமினா அவர்களுக்கு இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தாள். கெயில் தாமதமாக வந்து, உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்து, வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கோப்பை அவருக்கும் போயிற்று. அவர் வெகுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்தா பெலிக்கன்கள் இவ்வளவு பக்கத்தில தெரியும்னு எனக்குத் தெரியாது" என்றார் என்னிடம். "எத்தனையோ வருஷமா நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டேன்."

ஜூட் புழு டப்பாவுடன் கரைக்குப் போனான். நான் நிழலில் ஒரு புத்தகத்துடன் அமர்ந்தேன். மீன் அவனைச் சீண்டவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்ட வைக்கோல் தொப்பிப் பெரியவருக்கோ மஞ்சள் வயிற்று மீன்கள் வந்துகொண்டே இருந்தன. "தம்பி, உன் புழு குளிரில விறைச்சுப் போயிருக்கு. மீனுக்கே பல் கூசும்" என்று அவர் கத்தியது கடைவரை கேட்டது. ஐஸ் பெட்டிக்கு அப்படியொரு முடிவு வந்ததில் பிலோமினாவுக்கு மிகுந்த திருப்தி.

மதியம் பெரியவர் மீனுடன் வந்தார். இதை அலுமினியத் தாளில் சுற்றி எலுமிச்சை பிழிந்து சுடுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். பிலோமினா மீனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் விடுதி நாட்களுக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன். அங்கே சைவச் சாப்பாட்டு மேசையில் என்னோடு உட்கார்ந்து, "ஒரு துண்டு மீன் வாசம் வந்தாலே போதும்" என்று பெருமூச்சு விடுவாள்.

"நீங்க பிடிச்ச மீனை நான் பொரிச்சுத் தாறன்" என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னாள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி, கறிவேப்பிலையோடு எண்ணெயில் இட்டாள். கூடாரம் தின்றதுபோக வாளியில் மிச்சமிருந்த மாவு பல்லைக் கூச வைக்கும் புளிப்பு. வெங்காயம் நிறைய அரிந்து போட்டுத் தோசையாக வார்த்தாள். வெங்காயம் நான் அரிந்தேன். அந்த மணத்துக்குக் கரையெங்கும் இருந்த மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சிலர் தாங்கள் பிடித்ததைக் கொண்டுவந்தார்கள். ஒன்றும் பிடிக்காதவர்கள் நாற்காலியை மட்டும் கொண்டுவந்தார்கள்.

"இந்தப் புளித்த அப்பத்துக்கு என்ன பெயர்?"

"தோசை."

"நேற்று கூடாரத்தில் இருந்தது இதுதானா?"

"அதுதான்" என்றாள் பிலோமினா. "எறும்பு நல்லது எண்டு சொன்னது. அதான் உங்களுக்கும் தாறன்."

ஜூட் இதை மொழிபெயர்த்தபோது அவன் குரலிலும் சிரிப்பு இருந்தது. தன் தட்டில் இரண்டாவது தோசை விழுந்ததும் அந்தச் சிரிப்பை மறைத்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்த பிறகு கெயில் ஒரு கேள்விதான் கேட்டார். சமையலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"வண்டி ஓட்டுவீங்கதானே? பால், ரொட்டி, கேஸ் எல்லாத்துக்கும் நகரத்துக்குப் போகணும். யாருக்காவது உடம்பு முடியலைன்னா நாமதான் கொண்டுபோகணும்."

ஜூட் மெல்ல மூச்சுவிட்டான். அவன் காத்திருந்த கேள்வி இதுதான். சிட்னியில் எல்லா இடத்துக்கும் ரயில் உண்டு. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் அன்ரன் ஓட்டிப் போவார். பிலோமினா ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தொட்டவளல்ல. "இல்லை, அம்மாவுக்கு ஓடத் தெரியாது" என்று அவன் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னான்.

பிலோமினா அறைக்குள் போனாள். திரும்பி வந்து, மாவு படிந்த மேசையின் மேல் ஒரு மஞ்சள் பலகையை வைத்தாள். அதில் கறுப்பு எழுத்தில் பெரிய எல், வண்டி ஓட்டப் பழகுபவர்கள் மாட்டுவது.

"கம்ப்யூட்டர்ச் சோதினை பாஸ்பண்ணிட்டன்" என்றாள் மகனிடம். "ரெண்டு தரம் பெயில். உனக்குச் சொல்லேல்லை."

"எப்ப?"

"நீ மெல்பனில கட்டில் பாக்கப் போன கிழமை."

*

மறுநாள் பிற்பகல் டைனோசர் தடங்களைப் பார்க்கப் போனோம். ஏரியின் மறுகரையில், தகரக் கூரைக்கு அடியில் ஒரு பெரிய கற்பாறைத் தரை. கூரைக்குள் நுழையும்போது நான் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிலோமினாவும் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, இது கோயில் இல்லை" என்றான் ஜூட்.

"பாதம் இருக்கற இடத்துல செருப்போட நிக்க வரலைப்பா."

மரப்பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தோம். மூன்று விரல் தடங்கள்; சில எங்கள் வீட்டு முறத்தளவு பெரியவை, சில கோழிக்கால்போலச் சிறியவை. இந்தத் தரை அக்காலத்தில் ஓர் ஏரியின் சேற்றுக்கரை என்று பலகையில் எழுதியிருந்தது. அரியலூரில் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்த சங்குக்கற்களை மாணவிகளுக்குக் காட்டி, இங்கே கடல் இருந்தது என்று சொல்வேன். அவர்கள் நம்பிக்கையில்லாமல் சிரிப்பார்கள். சங்கு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. இங்கே இருப்பது நடை. அடியெடுத்து வைத்த வேகமும், சேற்றில் வழுக்கிய விரலும், திரும்ப ஊன்றிய காலும் தெரிகின்றன. வந்தது தண்ணீர் தேடி வந்திருக்கிறது. அதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

ஜூட் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, தடங்களைப் பார்த்தபடியே பேசினான். தமிழில்தான் பேசினான்.

"அம்மா, உங்களுக்கு இஞ்ச ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? மெல்பனில இருந்து எப்ப வந்து சேருவன்? கிட்ட ஒரு ஆஸ்பத்திரி இல்லை."

பிலோமினா கம்பியில் அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"அப்பாவுக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலதானே ராசா இருந்தது" என்றாள் பிறகு. "பத்து நிமிசம். காரை நீதானே ஓடினனி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே ரோஜா நிறக் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு போயின.

"உன்னில பிழை சொல்லேல்லை. நீ ஓடின மாதிரி ஒருத்தரும் ஓடியிருக்கமாட்டினம். நான் சொல்றது என்னண்டால், கிட்ட இருந்தும் நடக்கும், எட்ட இருந்தும் நடக்கும். அதுவரைக்கும் நான் என்ன செய்துகொண்டு இருக்கிறது? உன்ர வீட்டில சாய்வுக் கதிரையில இருந்து நீ வாறதைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? நேற்று அத்தனை பேருக்குச் சமைச்சன். எனக்குக் கால் நோகேல்லை."

"நோகேல்லையோ?"

"நொந்தது. ஆனா நல்லா நொந்தது."

ஜூட் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தான்.

"அந்தக் கட்டில்?"

"கோடைக்கு இந்தக் கடை பூட்டுமாம். வெயில் தாங்கேலாதாம். அந்த மாசங்களில வந்து படுக்கிறன். நல்ல கட்டில்தானே வாங்கினனி?"

அவன் தாயின் செருப்பைக் குனிந்து எடுத்து, அவள் காலருகே வைத்தான். "நாளைக்குக் காலமை" என்றான். "வெயிலுக்கு முன்னம். என்ர வண்டியில ஒரு கீறல் விழக்கூடாது."

*

ஏரியின் ஒரு பக்கம் நீர் வற்றி, காய்ந்த களித்தரை மைதானம்போல விரிந்துகிடந்தது. இடிப்பதற்கு அங்கே ஒரு செடிகூட இல்லை. கெயில்தான் அந்த இடத்தைச் சொன்னார். பார்ப்பதற்கு நாற்காலியோடு வந்துவிட்டார். வைக்கோல் தொப்பிப் பெரியவரும் வந்தார்; தன் நாற்காலியை மட்டும் வெகுதூரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பிலோமினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஏறினாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மீண்டும் குதித்தது. ஜன்னல் வழியே குரல்கள் வந்தன.

"பிரேக் அம்மா, பிரேக்!"

"கத்தாதை! கத்தினால் எந்தக் கால் எண்டு மறந்து போகுது!"

"ஒரே கால்தான்! மற்றக் காலைச் சும்மா வையுங்கோ!"

"சும்மா வைக்கத் தெரிஞ்சா நான் ஏன் இஞ்ச வாறன்?"

பிறகு சத்தம் குறைந்தது. வண்டி ஒரு பெரிய வட்டம் போட்டது, மறுபடியும் ஒன்று. மூன்றாவது வட்டத்தில் அது தண்ணீரை நோக்கி நேராக வந்து, கரைக்கு முன்னால் மெதுவாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. கெயில் எழுந்து போய், ஈரக்களியில் பதிந்த டயர்த் தடத்தைப் பார்த்தார். ஆரம்பத்தில் அது பாம்பு போனதுபோல நெளிந்திருந்தது. கரையருகே இரண்டு கோடுகள் இழுத்ததுபோல வந்திருந்தது. நடுவில் ஒரு ஈமுவின் மூன்று விரல் தடம் குறுக்கே கடந்து போயிருந்தது.

"ஈஸ்டருக்கு அடுத்த பருவம் தொடங்கும்" என்றார் கெயில், ஜன்னலில் கைவைத்து. "லைசென்ஸோட வாங்க. அதுவரைக்கும் வேற யாரோடயும் பேசமாட்டேன். அந்த மாவையும் கொண்டுவாங்க. ஐஸ் பெட்டியில வைச்சு."

*

புறப்படும் காலையில் சாமான்கள் முன்னைவிடக் குறைவாக இருந்தன. கூடாரத்தை ஏரிக்கரையிலேயே அலசிக் காயப்போட்டு, கெயிலுக்கே விட்டுவிட்டோம். மிஞ்சிய புழுக்களை ஜூட் வைக்கோல் தொப்பிப் பெரியவருக்குக் கொடுத்தான். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இடியப்பத் தட்டு ஆகியவற்றைப் பிலோமினா குசினி அலமாரியில் அடுக்கி வைத்தாள். திரும்பி வருபவள்தான் அப்படிப் பொருளை வைத்துவிட்டுப் போவாள்.

பூங்காவுக்குள் இருக்கும் மண்பாதையை மட்டும் அம்மா ஓட்டட்டும் என்று ஜூட் சொன்னான். முன்னும் பின்னும் மஞ்சள் பலகை ஒட்டினான். நான் பின்னால் உட்கார்ந்தேன். அந்தப் பாதை முழுவதும் அவள் பேசவில்லை. அவளை அறிந்த நாள்முதல் இவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நான் கண்டதில்லை. மேட்டின்மேல் ஏறியபோது கண்ணாடியில் ஏரி தெரிந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஆனால் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்காக.

கேட்டின் முன்னால் வண்டி நின்றது. அப்பால் பெருஞ்சாலைக்குப் போகும் பாதை. பிலோமினா கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, இருக்கைப் பட்டியைக் கழற்றக் கையை வைத்தாள்.

ஜூட் இறங்கினான். கொக்கியை விடுவித்துக் கேட்டை அகலத் திறந்து, கையை வீசி வண்டியை வரச்சொன்னான். பிலோமினா பட்டியிலிருந்து கையை எடுத்து, பிரேக்கை விடுவித்து, கேட்டின் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே வண்டியை ஓட்டி அப்பால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் கேட்டைச் சாத்தி, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தான். தூசிக்குள் நடந்து வந்தான். வண்டியின் பின்புறம் வந்ததும் ஒரு கணம் நின்றான். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இடப்பக்கக் கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்து பட்டியை மாட்டிக்கொண்டு, முன்னால் கிடந்த சாலையைப் பார்த்தபடி, "வலப்பக்கம் பாருங்கோ. இடப்பக்கம் பாருங்கோ. ஒருத்தரும் இல்லை. போங்கோ" என்றான்.

வண்டி நகர்ந்தது. சற்று நேரம் கழித்துக் கண்ணாடியில் பிலோமினாவின் கண்கள் என்னைத் தேடின.

"எடி சாரதா, இடம் பாக்கக் கூட்டிக்கொண்டு வந்தனான். ஒரு சொல்லும் சொல்லாமல் வாறாய்."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.